பெயர்ப்பலகை மாறினால் நீதி வந்துவிடுமா?



மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்றொரு நாடு. மூன்று பக்கம் செனகல், ஒரு பக்கம் கடல். ஓர் ஆற்றின் இரு கரைகள்தாம் அந்நாடு. மக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். அதன் வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

1965 பிப்ரவரி 18-ல் ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை. 1970-ல் குடியரசு. கால்நடை மருத்துவரான தாவ்தா ஜவாரா 1994 வரை ஆட்சி செய்தார். தேர்தல்கள் நடந்தன, எதிர்க்கட்சிகள் இருந்தன. ஆனால் ஒரே கட்சி, ஒரே தலைவர். ஊழலும் வறுமையும் பெருகின. 1981-ல் நடந்த கலகத்தை செனகல் படை வந்து அடக்கியது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

1994 ஜூலை 22. யஹ்யா ஜம்மே என்ற 29 வயது ராணுவ அதிகாரி ஆட்சியைப் பிடித்தார். ஊழலை ஒழிப்பேன் என்றார். மக்கள் நம்பினார்கள். நடந்தது என்ன? 2000 ஏப்ரலில் ஊர்வலம் போன மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு! 2004 டிசம்பரில் பத்திரிகையாசிரியர் தைதா ஹைதாரா சுட்டுக் கொல்லப்பட்டார்.

2012-ல் ஒன்பது கைதிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இமாம் பாபா லீ அதைக் கண்டித்தார். அதற்குப் பரிசு என்ன தெரியுமா? அவரைப் பிடித்துச் சென்று பல மாதங்கள் ரகசியமாக அடைத்து வைத்தார்கள்!

அதே ஜம்மேதான் 2015 டிசம்பரில், "காம்பியா இஸ்லாமியக் குடியரசு" என்று அறிவித்தார். சிந்தியுங்கள்! உண்மை பேசிய இமாமைச் சிறையில் தள்ளிய கை, நாட்டின் வாசலில் மார்க்கத்தின் பெயரை எழுதுகிறது. நான்கு மாதத்தில், தேர்தல் சீர்திருத்தம் கேட்டு வீதிக்கு வந்த சோலோ சாண்டெங் காவலில் இறந்தார். பலகை மாறியது, சிறை மாறவில்லை.

ஆனால் மக்கள் உறங்கவில்லை. அங்கே வாக்குச் சீட்டு கிடையாது. வேட்பாளருக்கு ஒரு தகரப் பீப்பாய். அதற்குள் ஒரு கோலிக்குண்டைப் போட வேண்டும். உள்ளே மணி ஒலிக்கும். இரண்டு முறை போட்டால் வெளியே காட்டிக் கொடுத்துவிடும்! எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறாமல் வாக்களிக்கலாம். 2016 டிசம்பர் 1-ல் அந்தக் கோலிக்குண்டுகள் 22 ஆண்டு ஆட்சியைச் சாய்த்தன. ஒன்றுபட்ட எதிர்க்கட்சிகளின் வேட்பாளர் அடமா பாரோ வென்றார். தோல்வியை முதலில் ஏற்ற ஜம்மே ஒரே வாரத்தில் பேச்சை மாற்றினார். அண்டை நாட்டுப் படைகள் எல்லையைத் தாண்டிய பிறகே, 2017 ஜனவரி 21-ல் வெளியேறினார். "இஸ்லாமியக் குடியரசு" என்ற பெயரும் நீங்கியது. மக்களின் ஈமான் போய்விட்டதா? இல்லையே!

2019 நவம்பரில் ரோஹிங்யா முஸ்லிம்களுக்காக மியான்மரை சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்தியது யார்? எண்ணெய் வளம் மிக்க அரசுகளா? இல்லை, இந்த ஏழைக் காம்பியா! 2020 ஜனவரியில், ரோஹிங்யாக்களைப் பாதுகாக்க மியான்மருக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் மியான்மரின் ஆட்சேபங்களும் தள்ளுபடியாயின.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மூன்றாண்டு இடைக்கால ஆட்சி என்ற உடன்பாட்டை மீறி பாரோ ஐந்தாண்டும் நீடித்தார்; 2021-ல் மீண்டும் வென்றார். பதவிக்காலத்துக்கு வரம்பு கட்டிய புதிய அரசியல் சட்ட வரைவு 2020-ல் நாடாளுமன்றத்தில் தோற்றது. ஆகவே, எவர் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி வந்தாலும், முதலில் அவரது சிறைக்கூடத்தைப் பாருங்கள். அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்!