மரமுந்திரியும் நீள்கொம்பு வண்டும்



புத்தளத்திலிருந்து வடக்கே வண்ணாத்திவில்லு, எலுவன்குளம் வழியாகச் செல்வோர் மரமுந்திரித் தோட்டங்களைக் காண்பர். நம் கரையோரத்து வறண்ட நிலத்திலும் தழைத்து, பல குடும்பங்களுக்குச் சோறிடும் மரம் இது. இம்மரத்தை வேரோடு மாய்க்கும் ஒரு வண்டினத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

செம்பழுப்பு நிறமும், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட நீளமும், நெடிய உணர்கொம்புகளும் கொண்டது இவ்வண்டு. நியோபுளோசிடெரஸ் பெருஜினியஸ் என்பது இதன் விஞ்ஞானப் பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் இது பரவியுள்ளது. மரமுந்திரியோ பிரேசில் நாட்டுக்குரியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் ஆசியாவுக்கு வந்தது. அவ்வாறாயின், இங்குள்ள வண்டு அந்நிய மரத்தை எங்ஙனம் நாடியது? இதுவும் இதன் நெருங்கிய இனங்களும் மா, ஒதி, இலவு முதலிய மரங்களிலும் வாழ்கின்றன. இவற்றுள் மாவும் ஒதியும் மரமுந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. உறவினர் வீட்டில் உண்டு பழகிய விருந்தாளிக்குப் புதிய வீடும் அந்நியமாகத் தோன்றவில்லை போலும்!

தாய்வண்டு அடிமரப் பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். வெளிவரும் புழுக்கள் பட்டைக்கு உள்ளே குடைந்து வேர் வரை செல்லும். நீரும் உணவும் ஓடும் பாதை அறுபடவே, மரம் வாடும்.

எங்கள் பாடசாலை வளவில் நான்கு மரமுந்திரிகள் நின்றன. கொட்டை விற்ற பணத்தில் வறிய பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வாங்குவோம். ஓராண்டு, ஒரு மரத்தின் அடியில் பிசினும் மரத்தூளும் கசிந்தன. வெயிலின் கொடுமையென்று எண்ணி வாளாவிருந்தேன். இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன, மரம் பட்டது. அதை வெட்டி, விறகுக்காகுமென்று வேலியோரம் அடுக்கச் செய்தேன். பின்னர் இரண்டாவது மரமும் மூன்றாவது மரமும் பட்டன. அயலிலுள்ள முதிய தோட்டக்காரர் ஒருவர் அவ்விறகைப் பிளந்து காட்டினார். உள்ளே சுண்ணாம்பு போன்ற வெண்கூடுகள், அவற்றுள் வண்டுகள்! பகையை வேலிக்குள் வைத்து வளர்த்தவன் நானே என்பதை அன்று உணர்ந்தேன்.

நான்காவது மரத்தின் அடிப்பட்டையைச் செதுக்கிப் புழுக்களை அகற்றி, வேப்பெண்ணெய் பூசினோம். அது இன்றும் காய்க்கிறது.

நேயர்களே, மாதம் ஒருமுறையேனும் மரத்தின் அடியைக் குனிந்து பாருங்கள். பிசினும் தூளும் கண்டால் அன்றே புழுவைத் தேடுங்கள். இலை மஞ்சளித்தபின் மரம் பிழைப்பது அரிது. பட்ட மரத்தை வேருடன் அகற்றி எரித்துவிடுங்கள். விறகென்று சேமித்தால், அயலவர் தோட்டத்துக்கும் நாமே கேடு விளைவித்தவராவோம்.