துகளும் அதன் போர்வையும்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவிலே வெள்ளியைப் பற்றிப் பேசுதல் பொருத்தமே. ஆனால் நாம் பேச வந்தது நகைக் கடை வெள்ளியன்று. ஆடையில் ஏற்றப்படும் வெள்ளி. வியர்வை நாற்றத்தைத் தடுக்க உள்ளாடைகளிலும் காலுறைகளிலும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்களை ஏற்றும் முறை இன்று உலகில் உள்ளது. பின்னலாடையால் பேர்பெற்ற திருப்பூர் வட்டாரத்தில் வாழும் நாம் இதனை அறியாதிருத்தல் தகாது.

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறு செய்தால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகளை நானோ துகள் என்பர். நம் தலைமயிரின் தடிப்போ ஏறத்தாழ 80,000 நானோமீட்டர்!

இத்தகைய துகள் குருதியில் கலந்தால் என்ன நிகழும்? குருதி நீர்மத்தில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் அல்புமின். துகள் நுழைந்த சில நொடிகளிலேயே புரதங்கள் அதன்மேல் படிந்து போர்வையாகிவிடுகின்றன. டப்ளின், லுண்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த கென்னத் டாசன், சாரா லின்சே முதலிய அறிஞர்கள் 2007-இல் இதற்குப் 'புரத மகுடம்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர்.

சாயப்பட்டறையில் பணிபுரிவோர்க்கு இது எளிதில் விளங்கும். சாயமேற்றிய துணியைச் சோப்பு நீரில் அலசும்போது, நூலைப் பற்றாத சாயம் நீரோடு போய்விடும்; பற்றிய சாயம் நிலைக்கும். அதுபோலவே துகளின்மேல் உறுதியாகப் பற்றிய அடுக்கு ஒன்று. வந்து வந்து போகும் தளர்ந்த அடுக்கு மற்றொன்று. முதலில் வந்தவையே இறுதிவரை இருப்பதுமில்லை. மிகுதியாக உள்ள புரதம் முந்தி வந்து ஒட்டும். பின்னர், பற்று மிகுந்த புரதம் வந்து அதனை அகற்றி அமரும். கண்ணாடி முதலிய பரப்புகளில் இவ்வுண்மையை 1960-களிலேயே ஆராய்ந்தவர் லியோ விரோமன். அவர் டச்சு மொழிக் கவிஞரும் ஆவார்.

இனித்தான் முக்கியமான செய்தி. உடலின் உயிரணு துகளைத் தொடுவதில்லை, போர்வையைத்தான் தொடுகிறது. நோய் எதிர்ப்புப் புரதங்கள் போர்வையில் அமைந்தால், கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் துகளை அந்நியன் என்று கண்டு விழுங்கிவிடும். வேறு புரதம் அமைந்தால் வேறு வழி பிறக்கும். 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாட்டிசிரான் என்னும் நரம்பு நோய் மருந்தைக் கொழுப்புத் துகள்கள் சுமந்து செல்கின்றன. குருதியில் அவை அப்போலிப்போபுரோட்டீன் ஈ என்னும் புரதத்தைப் போர்த்துக்கொள்வதால், கல்லீரல் அணுக்கள் அவற்றை வரவேற்று ஏற்கின்றன. துகள் அதே துகள்தான்; அணிந்த போர்வை அதன் விதியை மாற்றுகிறது.

தூசி மூச்சில் புகுந்தாலும் நுரையீரலின் ஈரப்படலத்துப் புரதங்கள் அதன்மேல் படியும். பஞ்சாலைத் தூசி இத்துகளைவிடப் பன்மடங்கு பெரிது. அது தரும் பிசினோசிஸ் நோயை நம் முன்னோர் மார்பில் சுமந்தனர். புதிய துகள் புதிய வினாவை எழுப்புகிறது. துகள் எதனால் ஆனது என்று கேட்டால் மட்டும் போதாது; உடலுக்குள் எதை அணிகிறது என்றும் கேட்டாக வேண்டும். 2008-இல் அரிசோனாவில் நடந்த ஆய்வில், வெள்ளி ஏற்றிய காலுறைகளை நீரில் அலசியபோது வெள்ளி நீரில் கலந்தது கண்டறியப்பட்டது. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாட்டையும், 2011-இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதையும், அன்று வேலையிழந்தோரின் அடுப்பு அணைந்ததையும் நாம் அறிவோம். ஆற்றின் கேடும் வயிற்றின் கேடும் முதலில் வந்து சேர்வது நம் தெருவுக்கே. ஆகவே இவ்வறிவும் நம் தெருவுக்கு முதலில் வந்து சேர வேண்டும்.

இளைஞர்களே! பிறப்பதற்கு முன்னரே நம்மீது ஒரு போர்வையைச் சமுதாயம் போர்த்தியது. உள்ளிருந்த மனிதனை எவரும் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்தே கிணற்றடியிலும் கோயில் வாயிலிலும் நிறுத்தினர். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. துகளுக்குத் தன் போர்வையைத் தேர்ந்துகொள்ளும் ஆற்றல் இல்லை. நமக்கு உண்டு, கல்வியே அவ்வாற்றல். பற்று மிகுந்தது வந்தால் பழையது விலகும் என்பதை இயற்கையே காட்டுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்குமுன் வாரக் கூலி பனியன் கம்பெனிக்கு அழைக்கிறது. வீட்டின் வறுமை நாம் அறியாததன்று. உழைப்பை நாம் இழிவாகவும் கருதவில்லை. எனினும், மெஷினை ஓட்டும் கை ஆய்வுக்கூடத்திலும் இயங்க வேண்டும். உயிர்வேதியியல், துணித் தொழில்நுட்பம் ஆகிய படிப்புகள் நமக்கு எட்டாதவையல்ல. பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்விக்கு அரசு உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் நிரப்பித் தரக் கழகம் உண்டு. வேலையில் இருப்போரும் தாம் கையாளும் பொடிக்கும் கரைசலுக்கும் உரிய பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டுப் படியுங்கள். கேட்பது குற்றமன்று, கேளாதிருப்பதே நட்டம்.

இத்துகள்களை அளந்து, இது தீங்கு, இது நன்மை என்று எழுதிக் கையொப்பமிடும் அறிவியலாளர் நம் தெருவிலிருந்து எழ வேண்டும். பொன் விழா மேடையில் அவர் பேச, நம்மவர் கேட்க வேண்டும். அதுவே நம் அவா.