காகிதத்தைக் கும்பிடாதீர்கள், காப்பாற்றுங்கள்!
(ஏற்காட்டில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று காலை நாம் சேர்வராயன் கோயில் வரையில் போய்வந்தோம். கடல் மட்டத்துக்கு 5,326 அடி உயரத்தில், குகை போன்ற சிறிய இடத்தில், சேர்வராயன் என்றும் காவேரி அம்மன் என்றும் இரண்டு சாமிகளை வைத்திருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலை ஜனங்கள் திரளாக வருகிறார்கள். வருகிறவர்களிடம் சொல்லப்படுகிற சங்கதி என்னவென்றால், அந்தக் குகை பூமிக்குள்ளேயே போய்க் காவேரி ஆற்றை எட்டுகிறது என்பதாகும்.

நாம் சண்டைக்குப் போகவில்லை. மரியாதையாகவே ஒரு பெரியவரைக் கேட்டோம். "ஐயா, உள்ளே போய்ப் பார்த்தவர் யார்?" "முன்னோர்கள்" என்றார். "எந்த முன்னோர்? எத்தனை அடி போனார்? அதை எங்கே எழுதி வைத்தார்?" என்றோம். பெரியவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் யாரு தம்பி எழுதி வச்சாங்க!" என்றார். அவர் யோக்கியர், உள்ளதைச் சொன்னார். அவருடைய அந்த ஒரு வார்த்தைதான் இன்றைக்கு நாம் பேசவேண்டிய விஷயம். யார் எழுதி வைத்தார்கள்? எழுதியதை யார் காப்பாற்றினார்கள்?

இதே ஏற்காட்டில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்காரர் வாழ்ந்தார். பூமியைத் துருவி ஆராயும் சர்க்கார் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1863-ல் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்து, இது பழைய கற்கால மனிதன் செய்த ஆயுதம் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான். இந்தச் சேர்வராயன் மலையிலும் வழுவழுப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் கிடைத்தன. நம் ஜனங்களுக்கும் அவை கிடைக்காமலில்லை. என்ன செய்தார்கள்? மரத்தடியில் வரிசையாக வைத்துப் பிள்ளையார் என்று கும்பிட்டார்கள். மரம் வெட்டப் பாட்டன் செய்த ஆயுதம் பேரனுக்குத் தெய்வமாய்விட்டது! ஃபூட் அதே கல்லுக்கு எண் போட்டு, எந்த ஊர், எந்த இடம் என்று எழுதி வைத்தார். அவருடைய சேகரம் 1904-ல் சென்னை மியூசியத்துக்குப் போயிற்று. கல் ஒன்றுதான். சீட்டு ஒட்டிய கல் சரித்திரமாயிற்று. சீட்டில்லாத கல் சாமியாயிற்று.

தோழர்களே! நம்மவர் புத்தகத்தை மதிக்கவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்குச் சந்தனம், குங்குமம், பொரி, கடலை எல்லாம் உண்டு. அன்றைக்கு அதைத் தொட்டுப் படிக்கவும் கூடாதாம்! மற்ற நாட்களில் அது கரையானுக்கு. ஆடிப் பதினெட்டு வந்தால் பழைய ஏடுகளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்றார்கள். அப்படி வெள்ளத்தோடு போன தமிழ் நூல்களை எண்ணி முடியுமா?

ஊரைச் சொல்லுவானேன்? நம் வீட்டிலேயே நடந்தது. நமது பாட்டனார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ப் பத்து வருஷம் கூலி வேலை செய்தவர். அங்கிருந்து யாரையோ பிடித்து எழுதச் சொல்லி அனுப்பிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. நமக்கு அப்போது பன்னிரண்டு வயது. போகிப் பண்டிகையன்று "பழையது போகட்டும்" என்று பெட்டியோடு கொண்டுபோய் நெருப்பில் கொட்டியது நாம்தான். இன்று நம் பாட்டனார் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், என்ன கூலி வாங்கினார் என்று நம் பிள்ளைகள் கேட்டால் பதில் இல்லை. மற்றவர்களைக் குறை சொல்லுவதற்கு முன் நம் குறையை ஒப்புக்கொள்ளுகிறோம்.

இனி, எல்லிஸ் என்பவர் கதையைக் கேளுங்கள். பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் 1810 முதல் சென்னைக் கலெக்டராயிருந்தவர், திருக்குறளில் ஊறியவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய பாஷைகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று 1816-லேயே வேர்ச்சொற்களை வரிசைப்படுத்தி அச்சில் காட்டினார். கால்டுவெல் ஒப்பிலக்கணம் வந்தது 1856-ல். அதற்கு 40 வருஷம் முந்தி! நாற்பது வயது வரையில் படிப்பது, பிறகே பெரிய நூல்களை வெளியிடுவது என்று சங்கற்பம் செய்துகொண்டவர், நாற்பதைத் தாண்டியவுடன் 1819-ல் ராமநாதபுரத்தில் தற்செயலாய் விஷம் உட்கொண்டு மாண்டார். அவர் எழுதி வைத்த காகிதங்கள் என்னவாயின? மதுரைக் கலெக்டர் வீட்டுச் சமையற்காரன் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டவும், கோழி மயிர் பொசுக்கவும் அவற்றை உபயோகித்தான் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நம் பாஷையின் சரித்திரத்தில் கோழி பொசுக்கினார்கள், தோழர்களே!

தப்பிப் பிழைத்த சில காகிதங்கள் வால்டர் எலியட் கைக்கு வந்து, அவரிடமிருந்து போப் ஐயரிடம் போய், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூல்நிலையத்தில் சேர்ந்தன. எல்லிஸ் தம் சிநேகிதர்களுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருந்தன. டிரவுட்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இவற்றைத் தேடிப் படித்து 2006-ல் புத்தகமாக்கினார். அது "திராவிடச் சான்று" என்று தமிழிலும் வந்தது. 180 வருஷத்துக்கு மேல் ஒரு கட்டுக் காகிதம் வாய் திறவாமல் காத்திருந்து சாட்சி சொல்லிற்று.

அந்தச் சாட்சி நமக்கு இஷ்டமானதை மட்டுமா சொல்லிற்று? இல்லை. எல்லிசுக்கு வேர்ச்சொற்களைத் திரட்டிக் கொடுத்தவர்களில் பட்டாபிராம சாஸ்திரி என்ற பண்டிதர் ஒருவர் என்றும் சொல்லுகிறது. பார்ப்பனப் பண்டிதரா என்று சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டுமே! உண்மை நமக்கு வேலைக்காரன் அல்ல. பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை மறைப்பது புராணக்காரன் வேலை; அது பகுத்தறிவாளனுக்கு ஆகாது.

இன்னொரு சங்கதி. பிரான்ஸ் தேசத்து வால்டேரை நீங்கள் அறிவீர்கள்; பாதிரிமார்களை நடுங்க வைத்தவர். அவர் கையில் "எசூர் வேதம்" என்ற ஒரு புத்தகம் கிடைத்தது. இது கிறிஸ்துவுக்கு முந்திய இந்திய வேதம் என்று நம்பி, 1761-ல் அரச நூலகத்துக்கே கொடுத்தார். 1778-ல் அச்சும் ஆயிற்று. எல்லிஸ் என்ன செய்தார்? புதுச்சேரியில் பாதிரிமார் மடத்திலிருந்த கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், பாஷையைப் பார்த்தார். இது வேதமுமல்ல, பழமையுமல்ல, மதப் பிரசாரத்துக்காகப் பாதிரிமார் செய்த சரக்கு என்று வெட்டவெளிச்சமாக்கினார். வால்டேர் ஏன் ஏமாந்தார்? தமக்கு வேண்டியதைச் சொல்லுகிற புத்தகமாயிருந்ததால் ஏமாந்தார். அவ்வளவு பெரிய அறிவாளிக்கே இந்தக் கதியானால், நாம் எவ்வளவு ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்!

சரி, கடிதமும் ஏடும் எழுதத் தெரிந்தவர்களுக்கு. எழுத்து மறுக்கப்பட்டவர்களுக்கு என்ன இருக்கிறது? இந்த மலைக்குக் காப்பி கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. காடு வெட்டிச் செடி நட்ட மலையாளி ஜனங்களின் பெயர் இருக்கிறதா? தர்ஸ்டன் 1909-ல் ஏழு புத்தகம் போட்டார். மூக்கை அளந்தார், தலையை அளந்தார், படம் பிடித்தார். அந்தக் காலத்துப் படங்களின் கீழே ஜாதிப் பெயர் இருக்கும். அம்மா அப்பன் வைத்த பெயர் இராது! காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் சந்ததி நாங்கள் என்று இம்மலை ஜனங்கள் வாய்மொழியாகச் சொல்லி வருகிறார்கள். அது சரியோ தப்போ, ஆராய வேண்டுமானால் முதலில் அவர்கள் வாயாலேயே எழுதி வைக்கவேண்டும். பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்களே!

ஆகவே தோழர்களே, நீங்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. வீட்டிலுள்ள பழைய போட்டோவின் பின்புறத்தில், யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பட்டா, கடிதம் எதையும் போகியில் போடாதீர்கள். ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில் வையுங்கள். கீழே சேலத்தில் 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து அங்கே போய், "எங்கள் மலையின் காகிதங்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், அவற்றை யார் வந்து கேட்டாலும் ஜாதி பாராமல் படிக்கக் கொடுங்கள்" என்று கேளுங்கள். தமிழன் கடிதத்தைப் படிக்கத் தமிழன் ஆக்ஸ்போர்டுக்குக் கப்பலேறவேண்டிய நிலை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு வரவேண்டாம்.

நாளைக்கு ஒரு பேரன் இந்த மலையேறி வந்து, "யார் எழுதி வைத்தார்கள்?" என்று கேட்பான். "எங்கள் தாத்தா எழுதி வைத்தார், எங்கள் பாட்டி சொல்லி எழுதி வைத்தார்கள்" என்று காகிதத்தைக் கையில் எடுத்து நீட்டும்படி செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இம்மட்டில் முடித்துக்கொள்ளுகிறோம்.