சுவருக்குள்ள இருக்கிற குழாயை முதல்ல பாருங்க



பழைய வீட்டைச் சரி பண்ணி வாடகைக்கு விட்டா மாசாமாசம் பணம் வரும், அதுலயே தவணை கட்டிடலாம்னு நம்மில் பல பேர் கடன் வாங்குறோம். நானும் அப்படித்தான் 60,000 ரூபாய் வாங்கினேன். அதில் நான் செய்த தப்பைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

அது என் மாமியார் விட்டுட்டுப் போன மெத்தை வீடு. கட்டி 30 வருஷம் ஆச்சு. வெள்ளை அடிச்சேன், குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினேன். பார்க்க அழகா இருந்தது. கைக்குழந்தையோட ஒரு குடும்பம் 3,000 ரூபாய் வாடகைக்கு வந்தாங்க. மூணாவது மாசம் சுவர்ல ஓதம் ஏறி, பூச்சு உப்பி உதிர ஆரம்பிச்சுது. "அக்கா, பிள்ளைக்குச் சளி விடவே மாட்டேங்குது"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு.

உடைச்சுப் பார்த்தா, சுவருக்குள்ள பழைய இரும்புக் குழாய் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தது. புது டைல்ஸும் போச்சு. 14,000 ரூபாய் கூடுதல் செலவு. ரெண்டு தவணை கட்ட முடியல. குழுவுல உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்கன்னு பொய் சொன்னேன். கடைசியில அழுதுக்கிட்டேதான் சொன்னேன். அவங்க திட்டல. தவணையைப் பிரிச்சுக் கட்டச் சொன்னாங்க.

அந்த அனுபவத்துல தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

காலையில முதல்ல குழாயைத் திறக்கும்போது தண்ணி செம்மண் நிறத்துல வந்தாலோ, டேங்க் நிறைய இருந்தும் நூல் மாதிரி வந்தாலோ, இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடிச்சிருக்கலாம். அதுல ஒரு துண்டை மட்டும் மாத்தினா, கொஞ்ச நாள்ல பக்கத்துல இன்னொரு இடம் ஒழுகும். சுவருக்குள்ள போற குழாய் முழுசையும் மாத்துறதுதான் லாபம்.

காசில்லாம ஒரு சோதனை இருக்கு. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு, டேங்க் தண்ணி நிற்கிற அளவுக்கு ஒரு கோடு போடுங்க. காலையில தண்ணி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க் சொட்டுதான்னும் பார்த்துக்குங்க.

வேலையை வரிசையாச் செய்யணும். முதல்ல குழாய் வேலை. பசை போட்டு ஒட்டின இணைப்பு நல்லா காய்ஞ்ச பிறகு, முனைகளை அடைச்சுத் தண்ணி நிரப்பி, பிளம்பரை பம்பு வெச்சு அழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. எங்கேயும் கசியலன்னு கண்ணால பார்த்த பிறகுதான் கொத்தனாரைப் பூசச் சொல்லணும். பூசுறதுக்கு முன்னாடி குழாய் போற வழியைப் போன்ல படம் எடுத்து வெச்சுக்குங்க. நாளைக்கு ஆணி அடிக்கும்போது உதவும்.

குளியலறைக்கும் சமையலறைக்கும் தனித்தனியா வால்வு வைக்கச் சொல்லுங்க. ஓர் இடம் ஒழுகினா அதை மட்டும் அடைச்சுக்கலாம், குடியிருக்கிறவங்களுக்கு மத்த இடத்துல தண்ணி வரும். பூட்டிக் கிடக்கிற வீட்டுல நாத்தம் அடிச்சா, தரைத் துவாரத்துல இருக்கிற டிராப்ல தண்ணி வத்தியிருக்கான்னு பாருங்க. ரெண்டு சொம்பு ஊத்தினாலே பல சமயம் நின்னுடும்.

இப்ப எங்க குழுவுல வீட்டு வேலைக்குக் கடன் கேட்டா, "குழாயைச் சோதிச்சியா?"ன்னுதான் முதல்ல கேட்கிறோம். உங்க குழுவுலயும் கேளுங்க. வெள்ளை அடிக்கிறது ஒரு மாசம் தள்ளிப்போனாலும் நஷ்டமில்ல. குழாயைப் பார்க்காம அடிச்சா, சுவரோட சேர்ந்து நம்ம சேமிப்பும் கரையும்.

கஷ்டம் வந்தா என்னைப் போல மறைக்காதீங்க, குழுவுல வந்து சொல்லுங்க. இப்ப அந்த வீட்டுல வேற குடும்பம் இருக்காங்க. சுவர் காய்ஞ்சே இருக்கு, தவணையும் தவறாம போகுது.