கடைக்காலருகே ஒரு சாட்சி



இங்கிலாந்தின் பழைய ஊர் ஒன்றில் ஒருவர் தம் வீட்டின் பின்புறம் ஓர் அறை கூட்டிக் கட்ட விரும்புகிறார் என்று கொள்வோம். உள்ளாட்சி மன்றம் இசைவு தருகிறது. உடன் ஒரு நிபந்தனையும் விதிக்கிறது. கடைக்கால் தோண்டும்போது தொல்லியலார் ஒருவர் அருகிருந்து பார்க்க வேண்டும். அதற்குரிய செலவை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும். இப்பணிக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'வாட்ச்சிங் பிரீஃப்' என்பது. வழக்கில் நேரடியாக இடம்பெறாத ஒருவர்க்காக நீதிமன்றத்தில் அமர்ந்து கவனித்திருக்கும் வழக்கறிஞரின் பணிக்கு உரிய சட்டச்சொல் அது. மண்ணடியில் கிடப்போர்க்கும் இனிப் பிறப்போர்க்கும் சேர்த்து ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்று பொருள் கொண்டால் பிழையில்லை.

இம்முறை வேரூன்றியதில் நாடகத்திற்கும் பங்குண்டு. 1587இல் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் பிலிப் ஹென்ஸ்லோ எழுப்பிய 'ரோஸ்' அரங்கில் மார்லோவின் நாடகங்களும் ஷேக்ஸ்பியரின் தொடக்ககால நாடகங்களும் நடிக்கப்பெற்றன. 1989இல் அலுவலகக் கட்டடம் ஒன்றற்காக நிலத்தை அகழ்ந்தபோது அவ்வரங்கின் அடித்தளம் வெளிப்பட்டது. கட்டுமானம் தொடங்கும் நாள் நெருங்கவே, நடிகர்களும் பொதுமக்களும் அங்கே திரண்டு நின்றனர். கட்டடத்தின் வடிவமைப்பு மாற்றப்பெற்றது. எச்சங்கள் அதன் அடியிலேயே காக்கப்பட்டன. மறு ஆண்டு நவம்பரில் அரசு 'பி.பி.ஜி. 16' என்னும் வழிகாட்டு நெறியை வெளியிட்டது. நெறிகளின் பெயர் பின்னர் மாறியுள்ளது. மண்ணைக் கலைப்பவரே பதிவுச் செலவையும் ஏற்பது என்னும் முறை மாறவில்லை.

பணியோ மிக எளிது. மண்வாரி எந்திரத்தில் பல் வைத்த வாளியைக் கழற்றிவிட்டு விளிம்பு மழுங்கிய வாளியைப் பூட்டச் சொல்வர். பல் கீறிய நிலத்தில் நிறவேறுபாடு தெரியாது. மண் படலம் படலமாக நீங்கும். ஓரிடத்தில் வட்டமாக ஒரு கருமை தோன்றும். என்றோ ஊன்றிய மரக்கம்பம் மக்கிய தடம் அது. எந்திரத்தை நிறுத்தச் சொல்லிக் கொத்துக்கரண்டியால் சுரண்டி, அளந்து, படலத்திற்கு எண்ணிட்டு, வரைந்து, அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும். கற்காரை வண்டி வருவதற்குள் யாவும் முடிய வேண்டும். அது வந்து ஊற்றியபின் அந்தக் கம்பக்குழியை மீண்டும் எவரும் காணப்போவதில்லை. அகழ்வதே அழிப்பது என்பதைத் தொல்லியலார் நன்கறிவர்.

பெரும்பாலான இடங்களில் உடைந்த ஓடும் பழைய சாக்கடைக் குழாயுமே கிடைக்கும். ஒன்றுமே கிடையாத நாளும் உண்டு. ஆயினும் 'ஒன்றும் காணப்படவில்லை' என்று எழுதிய அறிக்கை அவ்வட்டாரத்தின் தொன்மைப் பதிவேட்டிற்குச் செல்கிறது. ஏட்டில் சிதைந்த இடத்தைத் தம் சொல்லால் நிரப்பாமல் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பாசிரியரின் நேர்மை இது. பார்த்து வெறுமையெனக் குறித்த நிலமும் பாராமல் விட்ட நிலமும் ஒன்றல்லவே!

ஊர் முழுமைக்கும் உரிய அறிவிற்கு ஒரு குடும்பம் மட்டும் விலை கொடுப்பது முறையா என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமே. பெருநிறுவனத்திற்குப் பொருந்தும் நெறி, சமையலறையை நான்கடி நீட்டுபவர்க்குக் கனக்கத்தான் செய்கிறது. மறுபுறம், தனி இசைவு பெறத் தேவையில்லாத சிறு விரிவாக்கங்கள் அங்கே ஏராளம். அவற்றின் பள்ளத்தருகே பெரும்பாலும் கொத்தனாரும் எந்திர ஓட்டுநரும் மட்டுமே நிற்கின்றனர்.