வி.பி.என் யாரை மறைக்கிறது?
(கரம்பொன்னில் நடந்த தொழிலாளர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)



மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்றால் சம்பளத்தைப் பற்றித்தான் பேசுவோம். இன்று நான் பேசப்போவது அந்தச் சம்பளம் போகிற வழியைப் பற்றி.

முன்பு ரேஸ் புக்கிக்குப் போகிறவர் யாரென்று லயத்துக்கே தெரியும். இன்று சூது கைத்தொலைபேசிக்குள் இருக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது.

நம்மில் பலர் வி.பி.என் பழகியது சூதுக்காக அல்ல. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் போராட்டத்தின்போதும் அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது. உறவுகளோடு பேசுவதற்காக வி.பி.என் போட்டோம். அதில் தவறில்லை. இன்று அதே செயலியைக் காட்டி, "தடைசெய்த சூதாட்டத் தளத்துக்கும் போகலாம்" என்று இளைஞர்களை இழுக்கிறார்கள்.

வி.பி.என் போட்டால் நீங்கள் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டலாம். பல சூதாட்டத் தளங்களின் விதியிலேயே வி.பி.என் கூடாது என்று எழுதியிருக்கிறது. தோற்கும்வரை கேட்கமாட்டார்கள். வென்று பணத்தை எடுக்கப் போனால் அடையாள அட்டை கேட்பார்கள், விதியைக் காட்டிக் கணக்கை மூடுவார்கள். யாரிடம் முறையிடுவீர்கள்? எங்கோ வெளிநாட்டில் பதிந்த கம்பனி அது. வி.பி.என் உங்களை அவர்களிடமிருந்து மறைக்கவில்லை. உங்களுக்கு உதவக்கூடியவர்களிடமிருந்துதான் மறைக்கிறது.

தமிழ்நாட்டில் உயிர்கள் போனபிறகு, 2022இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்தார்கள். 2023 ஏப்ரலில் தடைச்சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் இந்தியா முழுவதற்குமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தார்கள். நம் நாட்டிலும் 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் சட்டத்தின் கண்ணை வி.பி.என்னால் கட்டிவிட்டால், வீட்டின் கண்தான் திறந்திருக்க வேண்டும்.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அதை 1,350 ஆக்க 2024 செப்டெம்பர் வரை போராடினோம். மூன்று வருடத்துக்கு மேல் போராடிப் பெற்ற அந்த 350 ரூபாய் ஒரு விரல் தட்டலில் போய்விடும்.

ஆகவே மூன்று வேண்டுகோள். கமிஷன் தருகிறோம் என்றாலும் உங்கள் வங்கிக் கணக்கையும் அடையாள அட்டையையும் யாருக்கும் கொடுக்காதீர்கள். விசாரணை வந்தால் மாட்டுவது நீங்கள். விட்ட பணத்தைப் பிடிக்க நகையை அடகு வைக்காதீர்கள். பிள்ளை கடனில் விழுந்திருந்தால் அடிக்காதீர்கள், உட்கார வைத்துப் பேசுங்கள். தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். மனம் உடைந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

கடனை ஒளித்தால் அது வளரும். வெளியே சொன்னால் சேர்ந்து சுமக்கலாம். சங்கம் இருப்பது அதற்காகத்தான்.