கால் போகுமுன் ஒரு கேள்வி

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பயிர் கருகும். நம் உடம்புக்கும் ஒரு கடைமடை உண்டு. அதுதான் பாதம். பீடிப் புகையாலும் சர்க்கரை வியாதியாலும் ரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பும் கசடும் படிகின்றன. வாய்க்கால் தூர்ந்து போகிறது. நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும்; நின்றால் வலி நிற்கும். பிறகு விரலில் புண் வரும், ஆறாது, கறுக்கும். கடைசியில், "காலை எடுக்க வேண்டும்" என்பார் டாக்டர். கால் போனால் நாற்று நடுவது எப்படி? ஷிப்டு முழுவதும் மெஷின் முன்னால் நிற்பது எப்படி? நமக்குக் கால் போவதென்றால் கூலி போவது என்றே அர்த்தம்.

1964 ஜனவரியில் அமெரிக்காவில், போர்ட்லண்ட் நகரில், 82 வயது மூதாட்டி ஒருவருக்கு இதே நிலைமை வந்தது. காலை வெட்ட அவர் சம்மதிக்கவில்லை. சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே டாக்டரிடம் அவரை அனுப்பினார்கள். டாட்டர் கத்தியை எடுக்கவில்லை. அடைப்பு இருந்த இடத்தின் ஊடே மெல்லிய கம்பி ஒன்றைச் செலுத்தினார். கம்பியின்மேல் ஒரு குழலையும், அதன்மேல் இன்னும் பருத்த குழலையும் நுழைத்து வழியை அகலப்படுத்தினார். ரத்தம் பாய்ந்தது. குளிர்ந்து கிடந்த பாதம் சூடேறியது. புண் ஆறியது. அந்த மூதாட்டி சாகும்வரை தம் சொந்தக் கால்களிலேயே நடந்தார்.

பிறகு ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற ஜெர்மன் டாக்டர் தம் வீட்டுச் சமையலறை மேஜைமேல் சிறு பலூன்களைச் செய்து பார்த்தார். 1977 செப்டம்பரில், ஜூரிச் நகரில், இருதய ரத்தக் குழாயின் அடைப்பை அந்தப் பலூனால் விரித்தார். 1986ல், விரித்த இடம் மறுபடி சுருங்காமல் தாங்க, ஸ்டென்ட் என்னும் உலோக வலைக் குழல் வந்தது.

வேலை நடப்பது இப்படித்தான்: தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரப்பு ஊசி போட்டு, ஒரு துளை மட்டும் இடுவார்கள். எக்ஸ்ரே திரையில் ரத்தக் குழாய் தெரிவதற்கு மருந்து செலுத்துவார்கள். திரையைப் பார்த்தபடியே கம்பி போகும். கம்பியைப் பிடித்துக் குழல் போகும். நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பார். இப்படியே திரையைப் பார்த்து ஈரலில் சீழ்க்கட்டியை வடிக்கிறார்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியை இழுத்தெடுக்கிறார்கள்.

ஆனால் விலை? நம் நாட்டில் மருந்து பூசிய இருதய ஸ்டென்ட் லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. வழக்கு டெல்லி ஹைக்கோர்ட்டுக்குப் போனது. 2017 பிப்ரவரியில் சர்க்கார் உச்சவரம்பு விதித்தது: மருந்து பூசியது 29,600 ரூபாய், சாதாரணமானது 7,260 ரூபாய், வரி நீங்கலாக. அதே உலோகம், அதே வலை! அதுவரை நோயாளியிடம் பிடுங்கிய மீதிப் பணம் யார் பைக்குப் போயிற்று? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த உத்தரவு இருதய ஸ்டென்டுக்கு மட்டுமே. கால் ரத்தக் குழாயின் ஸ்டென்ட் அதில் அடங்கவில்லை.

இது சர்வரோக நிவாரணி அல்ல. எல்லா அடைப்பும் திறக்காது. திறந்ததும் மீண்டும் அடைபடலாம். அழுகல் மேலே பரவினால், உயிரைக் காக்கக் காலை எடுத்தே தீரவேண்டிய கட்டமும் உண்டு. ஆகவே அந்த நிலைக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பீடியை விடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இரவுதோறும் விளக்கடியில் பாதத்தைப் பாருங்கள், வெறுங்காலுடன் நடக்காதீர்கள்.

காலை எடுக்க வேண்டுமென்றால், பதறாமல் கேளுங்கள்: "ரத்த ஓட்டத்தைப் படம் எடுத்துப் பார்த்தீர்களா, டாக்டர்? அடைப்பைத் திறக்க முடியுமா?" அப்படிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்குகிற தோழரைத் தனியே அனுப்பாதீர்கள். சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போங்கள்.